ஜப்பான்: நெல் வயலிலிருந்து சிப் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நம் ஆட்களிடம் இரண்டு கதைகள் தயாராக இருக்கும். அணுகுண்டில் சாம்பலாகி இருபதே வருடத்தில் எழுந்து நின்ற அதிசயம் என்பது ஒன்று. எல்லாவற்றையும் காப்பியடித்து முன்னுக்கு வந்தவர்கள் என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதிதான் உண்மை. தொழில் வரலாறு பற்றி அவ்வப்போது எழுதுகிறவன் என்பதால் இதே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி என்னிடம் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே போட்டிருக்கிறேன். முதலில் எளிதானவை, போகப் போகக் கொஞ்சம் வில்லங்கமானவை.

போரில் தோத்த பிறகுதானே ஜப்பான் தொழில்நுட்பத்தில் இறங்கினது? 1945தானே ஆரம்பம்?

இல்லை. 1945இல் எரிந்துபோனவை கட்டடங்களும் இயந்திரங்களும்தான், அவற்றைச் செய்யத் தெரிந்த ஆட்கள் நிறையப் பேர் மிச்சமிருந்தார்கள். ஜப்பானில் முதல் ரயில் 1872இல் ஓடியது, யவாட்டா உருக்காலையின் உலை 1901இல் எரிந்தது. மொட்டை மாடியில் தூர்தர்ஷன் பார்க்க நாம் நட்டு வைத்தோமே மீன்முள் மாதிரி ஓர் ஆன்டெனா, அதன் அடிப்படை வடிவம் 1926இல் செண்டாய் நகரத்துத் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் யாகி, உடா என்ற இருவர் உருவாக்கியது. அதே வருடம் ஹமமாட்சுவில் கென்ஜிரோ தக்கயானாகி என்ற ஆசிரியர் ஒரு படக்குழாயில் ஜப்பானிய எழுத்து ஒன்றைத் தெரிய வைத்தார். தொலைக்காட்சியின் பால பருவம் அது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆன்டெனாவை ஜப்பானிய ராணுவமே கண்டுகொள்ளவில்லை. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்தபோது பிரிட்டிஷ் ரேடார் குறிப்பேட்டில் 'யாகி' என்ற சொல்லைப் பார்த்துக் குழம்பி, கைதியிடம் அதென்ன என்று கேட்டார்கள், அது உங்கள் ஊர்ப் பேராசிரியர் பெயர்தான் என்று அவர் சொன்னார் என ஒரு கதை அங்கே பிரபலம்.

சரி, விவசாயத்துக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் என்னங்க சம்பந்தம்?

நேரடியாக ஒன்றுமில்லை, சுற்றி வந்தால் நிறைய. ஜப்பானின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடும் மலையும். மிச்சமிருக்கும் சமவெளியில் நெல் போட வேண்டும், மக்களும் குடியிருக்க வேண்டும். நிலத்தை விரிக்க முடியாது, ஆகவே இருக்கிற துண்டு நிலத்தில் அதிகம் எடுப்பது எப்படி என்பதிலேயே பல நூற்றாண்டு மூளை செலவானது. கருவாட்டு மத்தியை விலைக்கு வாங்கி உரமாகப் போட்டார்கள். பத்து லட்சம் பேர் வாழ்ந்த எடோ நகரத்தின், அதாவது இன்றைய டோக்கியோவின், மலக்கழிவைக்கூடச் சுற்றுவட்டார விவசாயிகள் காசோ காய்கறியோ கொடுத்து வாங்கிப் போனார்கள். 1697இல் யசுசதா மியாசாகி என்பவர் ஊர் ஊராகப் பார்த்ததைச் சேர்த்து ஒரு பெரிய வேளாண் நூலே அச்சிட்டார். கிட்டத்தட்ட அதே காலத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கூர் வைத்த கதிரடிக்கும் கருவி பரவியது, கதிரை அதில் இழுத்தால் நெல் உதிர்ந்துவிடும்.

இந்த விவசாயத்திலிருந்து பிற்காலத் தொழிலுக்குப் போனது மூன்று: வரிப்பணம், வேலையாட்கள், ஓய்ந்த மாதங்களில் வீட்டிலேயே நெசவும் பட்டுப்புழுவும் பார்த்துப் பழகிய கைகள். பணத்தைப் பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

நெல்லே அவங்களுக்கு வெளியிலிருந்து வந்ததுதானாமே?

ஆமாம். சீனாவில் பழகிய ஈர நெல் சாகுபடி கொரியத் தீபகற்பம் வழியாக ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷுவின் வடக்குப் பகுதிக்கு வந்தது. பாடப்புத்தகத்தில் முன்பு கி.மு. 300 என்று இருக்கும், இப்போது பல ஆய்வாளர்கள் அதை இன்னும் பல நூறு ஆண்டுகள் முன்னே தள்ளுகிறார்கள். வெண்கலமும் இரும்பும் அந்த வழியாகத்தான் வந்தன. மண்பாண்டம் மட்டும் அங்கே ரொம்பப் பழசு, உலகிலேயே மிகப் பழைய பாண்டங்களில் ஜப்பானில் கிடைத்தவையும் உண்டு. மண்பாண்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், செல்போன் வரும்போது தேவைப்படும்.

இருநூறு வருஷம் கதவைச் சாத்திட்டு இருந்த நாடு, திறந்த உடனே எப்படி ரயில் விட்டாங்க?

கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. 1641 முதல் டச்சு வணிகர்களை நாகசாகியில் தெஜிமா என்ற சின்னச் செயற்கைத் தீவில் உட்கார வைத்தார்கள், சீனர்களும் வந்து போனார்கள். 1720இல் ஷோகன், அதாவது ராணுவ ஆட்சியாளர், யோஷிமுனே மேல்நாட்டு நூல்கள் மீதிருந்த தடையைத் தளர்த்தினார், மதம் பற்றியவை மட்டும் கூடாது. 1774இல் டச்சு உடற்கூறு நூல் ஒன்று ஜப்பானில் மொழிபெயர்ப்பாகி வந்துவிட்டது. 1850இல் சாகா பகுதிக்காரர்கள் டச்சுப் புத்தகம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பீரங்கி வார்க்க உலை கட்டினார்கள். அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து.

இந்தக் காலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் ஹிசாஷிகே தனாக்கா. 1799இல் குருமேயில் ஆமை ஓட்டில் நகாசு வேலை செய்பவரின் மகனாகப் பிறந்தவர். முதலில் அம்பு எய்யும் பொம்மை, தானே நகரும் பொம்மை என்று செய்து ஊர் ஊராகக் காட்டினார். 1851இல் ஒரு கடிகாரம் செய்தார். அப்போது ஜப்பானில் பகலை ஆறு பங்காகவும் இரவை ஆறு பங்காகவும் பிரிப்பார்கள், பருவத்துக்கு ஏற்பப் பங்கின் நீளம் மாறும். அந்த மாற்றத்தைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் கடிகாரம் அது, ஒருமுறை சாவி கொடுத்தால் வருடம் முழுக்க ஓடும் என்ற கணக்கில் செய்தது. அப்புறம் சாகாவில் நீராவி எஞ்சின் மாதிரி செய்தார். 1875இல், எழுபதைத் தாண்டிய வயதில், டோக்கியோவில் தந்திக் கருவி செய்யும் பட்டறை போட்டார். தோஷிபாவின் வேர்களில் ஒன்று அந்தப் பட்டறைதான்.

எல்லாம் காப்பி அடிச்சதுதானே? ஒத்துக்கங்க.

காப்பியில்தான் ஆரம்பம், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 1543இல் தனேகாஷிமா தீவுக்கு வந்த போர்ச்சுகீசியரிடம் அந்தத் தீவின் தலைவர் இரண்டு துப்பாக்கிகள் வாங்கி, உள்ளூர்க் கொல்லரிடம் அதே மாதிரி செய்யச் சொன்னார். குழல் வந்துவிட்டது, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் திருகாணி வரவில்லை, ஏனென்றால் திருகாணி என்ற ஒன்றே அங்கே பழக்கத்தில் இல்லை. அடுத்த வருடம் வந்த கப்பலில் இருந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். 1575இல் நகாஷினோ போரில் நோபுனாகா என்ற போர்த்தலைவரின் படை துப்பாக்கிகளை மொத்தமாக இறக்கியது. முப்பத்திரண்டே வருடத்தில்.

ஆனால் காப்பி அடிப்பது நினைக்கிற அளவு சுலபமில்லை. யவாட்டா உருக்காலையை ஜெர்மன்காரர்கள் வடிவமைத்தார்கள், ஜெர்மன்காரர்களே வந்து ஓட்டினார்கள், இருந்தும் உலை சரியாக வேலை செய்யாமல் 1902இல் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஜப்பானிய நிலக்கரியைச் சுட்டு எடுத்த கோக் என்ற எரிபொருளுக்கு அந்த உலையின் வடிவம் ஒத்துவரவில்லை. ககெயோஷி நோரோ என்ற உலோகவியல் அறிஞர் அதைத் திருத்திய பிறகு 1904இல்தான் ஒழுங்காக ஓடியது. ஜப்பான்காரர்களின் நிஜத் திறமை இந்த இரண்டாவது கட்டத்தில், வாங்கியதைத் தன் ஊர்ச் சரக்குக்கு ஏற்ப மாற்றுவதில் இருக்கிறது என்பது என் எண்ணம். மற்ற கேள்விகளிலும் இதையேதான் பார்ப்பீர்கள்.

ரயிலு, உருக்காலை, கப்பல்… இதுக்கெல்லாம் காசு எங்கிருந்து வந்துச்சு?

விவசாயி கொடுத்தான். மேலே வரிப்பணம் என்று சொன்னது இதைத்தான். 1873இல், ஷோகன் ஆட்சிக்குப் பின் பேரரசர் பெயரில் வந்த மெய்ஜி அரசு நெல்லாக வாங்கிய வரியை நிறுத்தி, நிலத்தின் மதிப்பில் 3 சதவீதம் ரொக்கமாகக் கட்டு என்றது. விளைச்சல் பொய்த்தாலும் வரி அதேதான். ஊர் ஊராகக் கலகம் வெடித்து, 1877இல் அதை 2.5 சதவீதமாகக் குறைத்தார்கள். தொடக்க காலத்தில் அரசு வருமானத்தின் பெரும்பகுதி இந்த நிலவரிதான்.

அந்நியச் செலாவணி பட்டிலிருந்து வந்தது. 1872இல் பிரெஞ்சு நிபுணர் பால் புருனாவை வைத்து தொமியோக்காவில் அரசே ஒரு பட்டு நூற்பு ஆலை தொடங்கியது. விவசாய வீடுகளின் பரணில் புழு வளர்ந்தது, அந்த வீடுகளின் பெண் பிள்ளைகளே பிறகு தனியார் ஆலைகளில் தங்கி, விடியலிலிருந்து இரவு வரை கொதிநீரில் கைவிட்டு நூல் எடுத்தார்கள். பல பேர் காசநோயோடு ஊர் திரும்பினார்கள். 1909 வாக்கில் கச்சாப் பட்டு ஏற்றுமதியில் ஜப்பான் சீனாவை முந்தியது. கப்பலும் இயந்திரமும் வாங்கிய டாலரில் கணிசமான பங்கு இந்தப் பெண்களின் உழைப்பு.

டொயோட்டா முதல்ல தறி செய்ற கம்பெனியாமே, நிஜமா?

நிஜம்தான். சகிச்சி டொயோடா 1867இல் பிறந்தவர், அப்பா தச்சர், கொஞ்சம் விவசாயமும் உண்டு. அம்மா கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்துத்தான் இதில் இறங்கினார் என்பார்கள். 1891இல் மரத்தறிக்குக் காப்புரிமை, அப்புறம் விசைத்தறி, 1924இல் ஜி வகைத் தானியங்கித் தறி. பாவு நூல் ஒன்று அறுந்தால் போதும், தறி தானே நின்றுவிடும். ஆகவே ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்கலாம், கெட்ட துணியும் வராது. 1929இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம், அதாவது தறி உலகின் ஜாம்பவான், இதன் உரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்குப் பேசி வாங்கியது. மகன் கீச்சிரோ 1933இல் தறி ஆலைக்குள்ளேயே கார்ப் பிரிவு தொடங்கினார், 1937இல் டொயோட்டா மோட்டார் தனிக் கம்பெனியானது. இன்றும் டொயோட்டா ஆலையில் ஒரு கோளாறு கண்ணில் பட்டால் தொழிலாளி கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம். தறி நின்றுபோகும் அதே யோசனைதான்.

நம் ஊர் மாருதிக்குள் இருக்கும் சுஸுகியும் தறிக் கம்பெனிதான், 1909இல் ஹமமாட்சுவில் தொடங்கியது.

டிரான்சிஸ்டரைக் கண்டுபிடிச்சது அமெரிக்கா. டிரான்சிஸ்டர் ரேடியோவும் அங்கேதான் முதல்ல வந்துச்சு. அப்புறம் ஏன் சோனிக்குப் பேரு?

சரியான கேள்வி. பெல் ஆய்வகம் 1947இல் டிரான்சிஸ்டரைச் செய்தது, முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ 1954இல் அமெரிக்காவில் ரீஜென்சி என்ற பெயரில் வந்தது. சோனி அப்போது டோக்கியோ சூஷின் கோக்யோ என்ற சின்னக் கம்பெனி. 25,000 டாலர் கொடுத்து பெல் ஆய்வகத்தின் கூட்டு நிறுவனமான வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கிடம் உரிமம் வாங்க முடிவு செய்தது. அந்நியச் செலாவணியைக் கையில் வைத்திருந்த ஜப்பான் அமைச்சகம் இவர்களுக்கெல்லாம் எதற்கு என்று இழுத்தடித்தது. அரசு வழிகாட்டியதால்தான் ஜப்பான் வளர்ந்தது என்று ஒரேயடியாகச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

அமெரிக்காவில் டிரான்சிஸ்டருக்கு ராணுவம் நல்ல விலை கொடுத்தது, மலிவான ரேடியோவைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஜப்பானில் ராணுவ ஆர்டரே கிடையாது, வீட்டுச் சந்தைதான் கதி. 1955இல் சோனியின் முதல் ரேடியோ, 1957இல் பையில் போடும் அளவில் இன்னொன்று. ஆலையில் உட்கார்ந்து கம்பி இணைத்தவர்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள், மேலே பட்டாலைக் கதையில் பார்த்த அதே மாதிரி, இப்போது கொஞ்சம் நல்ல சம்பளத்தில். அதே 1957இல் அங்கே வேலை பார்த்த லியோ எசாகி டனல் டயோடு என்ற மின்னணு உறுப்பைக் கண்டுபிடித்தார், 1973இல் நோபல் வாங்கினார். காப்பி கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ரைஸ் குக்கர்கூட ஜப்பான்தானா? அதுல என்ன பெரிய தொழில்நுட்பம்?

இதே சோனிக்காரர்கள் போர் முடிந்த கையோடு மரத்தொட்டியில் அலுமினியம் பதித்து ஒன்று செய்தார்கள், சோறு ஒன்று குழைந்தது அல்லது வேகவில்லை, கைவிட்டார்கள். 1955 கடைசியில் தோஷிபா வெளியிட்டதுதான் ஒழுங்காக விற்றது. அதை உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி என்ற சிறு பட்டறைக்காரர். அவர் மனைவி ஃபுமிக்கோ விறகடுப்பிலும் கேஸ் அடுப்பிலும் விதவிதமாகச் சோறு வடித்து, கொதி வந்த பிறகு சுமார் இருபது நிமிடம் என்று கணக்குக் கண்டுபிடித்தார். நேரம் பார்க்கக் கடிகாரம் வைக்கவில்லை. வெளிப்பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும், அது முழுதும் ஆவியாகும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, வற்றியதும் சட்டென்று ஏறும், அப்போது இரண்டு உலோகத் தகடு ஒட்டிய சுவிட்ச் வளைந்து மின்சாரத்தை வெட்டிவிடும். எனக்கென்னவோ ராக்கெட்டைவிட இது அழகான பொறியியல்.

ஒரு காலத்துல 'ஜப்பான் சரக்கு'ன்னா மட்டம்னு அர்த்தமாம். தரம் எப்போ மாறுச்சு?

போருக்கு முன்பு மலிவுப் பொம்மை, மலிவுத் துணி என்ற பெயர்தான். 1950இல் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் வந்து, செய்து முடித்த பிறகு கெட்டதைப் பொறுக்காதீர்கள், செய்யும்போதே கணக்கு வைத்துக் கோளாறின் காரணத்தைப் பிடியுங்கள் என்று பாடம் எடுத்தார். அடுத்த வருடமே அவர் பெயரில் பரிசு தொடங்கினார்கள். அமெரிக்காவில் அவரை அப்போது பெரிதாக யாரும் சீந்தவில்லை. 1998இல் அந்தப் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் சென்னையின் சுந்தரம் கிளேட்டன், அதன் பிரேக் பிரிவுக்குக் கிடைத்தது.

ஜப்பான்ல ஸ்டிரைக் பண்ணினா வேலையை நிறுத்த மாட்டாங்களாம், ஒத்தைக் கால் செருப்பு மட்டும் செஞ்சு குவிப்பாங்களாம். உண்மையா?

மேடைப் பேச்சாளர்கள் புண்ணியத்தில் இந்தக் கதைக்குச் சாவே கிடையாது. 1950இல் டொயோட்டாவில் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, மேலே சொன்ன கீச்சிரோவே பதவி விலகினார். 1953இல் நிசான் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. 1960இல் மீகே நிலக்கரிச் சுரங்கப் போராட்டத்தில் அடிதடி, சாவுவரை போனது. இதற்கெல்லாம் பிறகு ஏற்பட்ட சமரசம்தான் பெரிய கம்பெனிகளின் ஆயுட்கால வேலை ஏற்பாடு.

நம்ம வயலுக்கு ஜப்பான்ல இருந்து ஏதாவது வந்துச்சா?

வந்தது. வரிசை நடவு, நாற்றங்கால், உரம் எல்லாம் சேர்த்து 'ஜப்பானிய முறை நெல் சாகுபடி' என்று 1950களில் இந்திய அரசு பிரச்சாரம் செய்தது, வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1960களில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 ரகம் ஜப்பானிய வகை நெல்லையும் நம் ஜி.இ.பி. 24 என்ற நெல் ரகத்தையும் கலந்து எடுத்தது. கோதுமையில் இன்னும் பெரிய கதை: கொன்ஜிரோ இனாசுகா 1935இல் வெளியிட்ட நோரின் 10 என்ற குட்டை ரகம் போருக்குப் பின் அமெரிக்கா போய், அங்கிருந்து மெக்சிகோவில் வேளாண் விஞ்ஞானி போர்லாக் கைக்குப் போய், பசுமைப் புரட்சியாகப் பஞ்சாபுக்கு வந்தது. அரிசி ஆலைகளில் கல்லையும் கறுப்பு அரிசியையும் கண்ணால் பார்த்துத் தள்ளும் மின்னணு இயந்திரம் செய்கிற சடாகே நிறுவனமும், 1896இல் ஹிரோஷிமா பக்கம் அரிசி தீட்டும் இயந்திரத்தோடு தொடங்கியதுதான்.

அவ்வளவு பெரிய ஆளுங்க, செல்போன்ல ஏன் காணாம போனாங்க?

செல்போன் மட்டுமில்லை, அதற்குள் இருக்கும் சிப்பிலும் சரிவுதான். 1988இல் உலகச் சிப் விற்பனையில் பாதி ஜப்பானுடையது, இன்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒரே காரணம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 1985 பிளாசா ஒப்பந்தத்துக்குப் பின் டாலருக்கு 240 யென் என்றிருந்தது இரண்டே வருடத்தில் 120 பக்கம் வந்து, ஏற்றுமதி விலை ஏறிவிட்டது. 1986இல் அமெரிக்கா சிப் வர்த்தக ஒப்பந்தம் போட்டுக் கையைக் கட்டியது. கொரியா இன்னும் மலிவாக, இன்னும் பெரிய முதலீட்டில் இறங்கியது. இவை வெளிக் காரணங்கள்.

உள்காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொருளை நுணுக்கி நுணுக்கிச் சரிசெய்யும் பழக்கம் தறியில், ரேடியோவில், நினைவகச் சிப்பில் ஜெயித்தது. 25 வருடம் உழைக்கும் தரத்தில் அவர்கள் சிப் செய்துகொண்டிருந்தபோது, மூன்று வருடத்தில் தூக்கிப்போடும் கணினிக்கு அது தேவைப்படவில்லை. மதிப்பு மென்பொருளுக்குப் போனபோது, அதை ஆலைக்கு அடுத்தபடியான வேலையாகவே நினைத்தார்கள். நினைவகச் சிப் செய்த எல்பிடா 2012இல் திவாலானது, ஷார்ப்பை 2016இல் தைவானின் ஃபாக்ஸ்கான் வாங்கியது.

அப்போ ஜப்பான் கதை முடிஞ்சுதா?

பெயர்ப்பலகையில் முடிந்தது, உள்ளே முடியவில்லை. உங்கள் போனில் முரட்டா மாதிரி நிறுவனங்களின் மின்தேக்கிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றும் மணலைவிடச் சற்றே பெரிய பீங்கான் அடுக்கு. மண்பாண்டத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான்: முரட்டாவும் கியோசெராவும் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன கியோட்டோவில் பிறந்தவை. லித்தியம் அயான் பேட்டரியை முதலில் விற்றது சோனி, 1991இல். க்யூஆர் குறியீடு 1994இல் டென்சோ குழுமத்தில், கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க வந்தது. அஜினோமோட்டோ கம்பெனியின் ஒரு காப்புப் படலம் இல்லாமல் கணினிகளின் பெரிய சிப்புகளைப் பொதிந்து பலகையில் இணைப்பது இன்று கஷ்டம். சமையலுக்குச் சுவை கூட்டும் பொடி விற்ற அதே கம்பெனிதான்.

இவ்வளவு வளர்ச்சிக்கு விவசாயி என்ன விலை கொடுத்தான்?

வரியைச் சொல்லிவிட்டேன். அதைத் தவிர, 1880களிலிருந்து ஆஷியோ செப்புச் சுரங்கக் கழிவு வதராசே ஆற்றில் கலந்து வயல்களைக் கெடுத்தது. ஷோசோ தனாக்கா என்ற அரசியல்வாதி 1901இல் பேரரசரின் வண்டியை மறித்து மனுக் கொடுக்கப் பார்த்தார். மினமாட்டாவில் உரம் செய்யத் தொடங்கிய சிஸ்ஸோ கம்பெனி வேதிப்பொருளுக்கு மாறி, பாதரசத்தைக் கடலில் விட்டது. பாதரச விஷத்தால் வந்த மினமாட்டா நோய் 1956இல் பதிவானது, காரணத்தை அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆனது. மீனவர்களில் பலர் அந்த மீனைத் தின்றார்கள்.

இப்போ வயலுக்கும் சிப்புக்கும் என்ன உறவு?

கியூஷுவில் குமமோட்டோவைப் பாருங்கள். தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி, சோனி, டென்சோவோடு சேர்ந்து அங்கே கட்டிய ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சிப் கழுவ ஏராளமாகத் தண்ணீர் வேண்டும், குமமோட்டோ நகரத்துக்குக் குடிநீரும் நிலத்தடி நீர்தான். அந்த நீரை ஊற வைப்பது சுற்றியுள்ள நெல் வயல்கள். ஆகவே சோனியின் சிப் ஆலை 2003 முதல், பயிர் இல்லாத மாதங்களில் வயலில் தண்ணீர் கட்டி வைக்க விவசாயிகளோடு ஏற்பாடு செய்துவருகிறது, புதிய ஆலையும் அதே மாதிரி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. இன்னொரு பக்கம் ஆலை வந்ததும் நில விலை ஏறி, மாட்டுத் தீவன நிலம் குத்தகைக்குக் கிடைக்காமல் பால் பண்ணைக்காரர்கள் திண்டாடுகிறார்கள். நாட்டின் விவசாயிகளின் சராசரி வயது எழுபதைத் தொடுகிறது. தண்ணீர் கட்ட வயலும் ஆளும் எத்தனை வருடம் இருக்கும் என்பதுதான் அங்கே இப்போதைய வாக்குவாதம்.